ஒல்லியா இருந்தாலும் சர்க்கரை வருமா?



மேலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: “நான் நாத்து நடுறேன், களை எடுக்கிறேன். உடம்புல சதையே இல்ல. எனக்குப் போய் சர்க்கரைன்னு சொல்றாங்க. நம்பிக்கை இல்ல, மாத்திரைய நிறுத்திட்டேன்.” பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். குண்டாக இருப்பவர்களுக்கும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கும்தான் சர்க்கரை வரும் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது தப்பு. ஏன் தப்பு என்று தெரிந்துகொள்ள இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம்.

நாம் சாப்பிடும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அது தசைக்குள் போய்ச் சேர உதவுவது இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது. இன்சுலின் ஒரு புரதம். புரதம் என்றதும் பருப்பும் முட்டையும்தான் ஞாபகம் வரும். ஆனால் நம் உடம்புக்குள் வேலை பார்க்கும் ஆட்களில் பாதிப்பேர் புரதங்கள்தான்!

நம்ம ஊர் மல்லிகையை வைத்தே சொல்லலாம். 21 பூ கோத்த ஒரு சரம், 30 பூ கோத்த ஒரு சரம், இரண்டையும் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டது போல இருக்கும் இன்சுலின். இந்த உருவத்தை 1969-ல் இங்கிலாந்தில் டோரதி ஹாட்ஜ்கின் என்ற பெண் விஞ்ஞானியின் குழு கண்டுபிடித்தது. கை மூட்டெல்லாம் வாதத்தால் கோணிப்போன நிலையிலும் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அம்மா இதை விடவில்லை. அந்தக் குழுவில் நம் நாட்டு எம். விஜயனும் இருந்தார்.

கணையம் முதலில் இதை ஒரே நீளச் சரமாகத்தான் கட்டுகிறது. பிறகு நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுக்கிறது. அந்தத் துண்டுக்கு சி-பெப்டைடு என்று பெயர். ஒரு இன்சுலினுக்கு ஒரு துண்டு. துண்டை எண்ணினால் கணையம் எவ்வளவு இன்சுலின் செய்கிறது என்று தெரிந்துவிடும். ஊசி போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் ஊசி மருந்தில் அந்தத் துண்டு கிடையாது.

சென்னையில் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா ஆகியோரின் நீரிழிவு ஆராய்ச்சி மையமும், ஸ்காட்லாந்து நாட்டின் டண்டீ பல்கலைக்கழகமும் 2017-ல் கூட்டாக ஆராய்ச்சி தொடங்கின. சர்க்கரை வந்து ஐந்து வருஷத்துக்குள் இருந்த சுமார் 19 ஆயிரம் இந்தியர்களின் வயது, இடுப்பளவு, கொழுப்பு, சி-பெப்டைடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். நாம் ‘ரெண்டாம் வகை’ என்று ஒரே பெயரில் சொல்லும் சர்க்கரை நோயில் நான்கு விதம் தெரிந்தது. அதில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு முக்கியக் கோளாறு, இன்சுலின் சுரப்பே ரொம்பக் குறைவு என்பதுதான். இவர்கள் பெரும்பாலும் ஒல்லியானவர்கள், சின்ன வயதிலேயே நோய் வந்தவர்கள். கண் பாதிப்பும் இவர்களுக்கு அதிகம்.

வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும், இளவயதில் சர்க்கரை வரும் நம்மவர்களுக்குக் கணையத்தின் சக்தி குறைவு என்று தெரிந்தது. ஆகவே அந்த அக்கா வேலை செய்யாததால் நோய் வரவில்லை. வேலை நல்லதுதான், விட வேண்டாம். ஆனால் சுரப்பு குறைந்த இடத்தில் வேலை மட்டும் போதாது. டாக்டர் ஊசி போடச் சொன்னால், “கடைசிக் கட்டமாயிருச்சு” என்று பயப்படவும் வேண்டாம். குறைகிற பொருளை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு புரதம் ஹீமோகுளோபின், ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது. சர்க்கரை கூடினால் இதில் ஒட்டிக்கொள்ளும். எச்பிஏ1சி டெஸ்டில் இதைத்தான் அளக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது அன்றைய கைரொக்கம் மாதிரி. எச்பிஏ1சி மூன்று மாத லெட்ஜர் மாதிரி. டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து லெட்ஜரை ஏமாற்ற முடியாது. ஆனால் ரத்தசோகை இருந்தால் இந்தக் கணக்கு பிசகலாம். நம்மில் நிறையப் பேருக்கு ரத்தசோகை உண்டு, அதனால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

கண்ணில் வி.இ.ஜி.எஃப். என்றொரு புரதம் இருக்கிறது. சர்க்கரையால் விழித்திரைக்கு ரத்தம் குறையும்போது இது பெருகி, கசியும் புது நாளங்களை வளர்க்கிறது. இதைத் தடுக்க ஊசி உண்டு, லேசரும் உண்டு. ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் மங்காது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் எடுத்த விழித்திரைப் படங்களையும் வைத்துத்தான், கம்ப்யூட்டரே பாதிப்பைக் கண்டுபிடிக்கும் முறையை கூகுள் ஆட்கள் உருவாக்கி 2016-ல் வெளியிட்டார்கள்.

மேலூர் அக்கா மறுபடி டெஸ்ட் எடுத்தார். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார். கண் பரிசோதனைக்குப் போக பஸ் செலவுக்குக் குழுவில் அவசரக் கடன் கேட்டார், அன்றைக்கே தீர்மானம் போட்டுக் கொடுத்தோம்.