வீட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின்: லேபிளில் 400 ஆம்ப்னு போட்டிருந்தா நம்பலாமா?

கேட் கீல் கழன்றிருக்கும், மாடிப்படிக் கைப்பிடி ஆடும், தார் சுத்துற ராட்டையின் இரும்புக் கால் முறிந்திருக்கும். பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "சின்ன வேலைதானே, நாளைக்கு வாங்க" என்பார்கள். அந்த நாளை ஒரு வாரமாகும். இதற்குள் போனில் 5,000 ரூபாய் சொச்சத்துக்கு வெல்டிங் மெஷின் விளம்பரம் ஓடும். வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எதைப் பார்த்து வாங்குறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஆம்ப் கணக்கு

பட்டறைகளில் பார்க்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினை ஒரு ஆள் தூக்குவதே கஷ்டம். இன்றைய இன்வெர்ட்டர் மெஷின் ஐந்தாறு கிலோதான், தோளில் மாட்டிக்கொள்ளலாம். வீட்டுக்கு இதுதான் சரி. சிக்கல் லேபிளில் இருக்கிறது. கையடக்கப் பெட்டியில் '300', '400' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்க. நம்ம வீட்டு பவர் பிளக் 16 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 3,680 வாட். 200 ஆம்பியரில் வெல்டிங் செய்ய, நெருப்பு எரியும் இடத்தில் மட்டுமே சுமார் 5,600 வாட் வேண்டும். அப்போ 400 எங்கிருந்து வரும்? பிளக்கிலேயே இல்லாத கரண்டை மெஷின் கொடுக்க முடியாது. 80 ஆம்பியர் நிலையாகக் கிடைத்தால் வீட்டு வேலைக்குத் தாராளம்.

லேபிளில் பார்க்க வேண்டியது 'டியூட்டி சைக்கிள்'. 60 சதவீதம் என்றால் அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆறவிடணும். இந்தத் தகவலே இல்லாத மெஷினை நான் வாங்க மாட்டேன். மிச்சமாகும் காசில் நல்ல ஹோல்டர், அழுத்திப் பிடிக்கிற எர்த் கிளாம்ப், கெட்டியான கேபிள் வாங்கலாம். மெலிசான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் முதலில் உருகுவது அந்த வயர்தான்.

ராடும் கையும்

கடையில் '12 நம்பர் ராடு' என்று கேளுங்க. அது 2.5 மில்லிமீட்டர். 10 நம்பர் என்பது 3.15; நம்பர் குறைந்தால் ராடு தடிமன், குழம்பிக்காதீங்க. பழகுபவர்களுக்கு 6013 வகைதான் சுலபம். 12 நம்பருக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை வைத்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில் ராடு ஈரம் இழுக்கும், டப்பாவை மூடி வையுங்க.

எல்லாரும் முதல் நாளே சதுர பைப்பில் கை வைப்பார்கள். அந்த பைப்பின் தகடு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓட்டை விழும், மனசு விட்டுப்போகும். பழைய இரும்புக் கடையில் 5, 6 மில்லிமீட்டர் பட்டை கொஞ்சம் எடை போட்டு வாங்கி, அதில் கோடு மட்டும் இழுத்துப் பழகுங்க. தீக்குச்சி உரசுவது போல ராடைத் தட்டணும். ஒட்டிக்கிட்டா பதறாம அசைத்து எடுக்கணும், வரலைன்னா ஹோல்டரைத் தளர்த்தி விட்டுடணும். நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ராடின் தடிமன் அளவுக்குத்தான். நெருப்பைப் பார்க்காமல், அதன் பின்னால் தேங்கும் உருகின குட்டையைப் பார்த்து நகர்த்துவதுதான் முழு வித்தையும். ஆறியதும் கசடைத் தட்டிப் பார்த்தால் கோடு நேரா, வளைசலா என்று தெரியும்.

தறி இருக்கிற வீட்டில்

காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் வேலையிடமும் வீடும் ஒன்றுதான். பொறி பல அடி தூரம் தெறிக்கும். தறியில் ஏற்றிய பட்டுப் பாவில் ஒரு பொறி விழுந்தால் எத்தனை இழை போகும் என்பதை நெசவாளருக்குச் சொல்லவே வேண்டாம். அந்த அறையில் வேண்டாம், வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துட்டுப் போங்க. குழித்தறிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் தரை ஈரமாக இருக்கும். மெஷின் சும்மா ஓடும்போதே ஹோல்டரில் 60 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம். அந்தப் பக்கத்து ஷாக்குக்கு வீட்டு ஆர்சிசிபி டிரிப் ஆகாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காய்ந்த ஷூ, தோல் கையுறை இல்லாமல் தொடாதீங்க.

கண்ணுக்கு 10 அல்லது 11 ஷேடு கண்ணாடி. கூலிங் கிளாஸ் போதாது. வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். வேடிக்கை பார்க்கிற குழந்தைக்கும் இதே கதிதான். தாய்ப்பால், உருளைக்கிழங்கு வைத்தியம் எல்லாம் வேண்டாம், கண் டாக்டரிடம் போங்க.

இன்னொன்று: ஜிஐ பைப்பின் மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. 907 டிகிரியில் கொதித்துப் புகையாகும். இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும். ஆக, பற்றவைக்கும் முன்பே புகை கிளம்பிவிடும். அதைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர் காய்ச்சல் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்யுங்க. பெட்ரோல் டேங்க், மூடிய டிரம் பக்கமே போக வேண்டாம்.

கை பழகி, அக்கம்பக்கத்தில் காசு வாங்கி வேலை செய்ய ஆரம்பித்தால் மின்கட்டண வகையை மாற்றச் சொல்லி ஈபி ஆபீஸில் விண்ணப்பிக்கணும். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126வது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். முறையாகவே கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு அரசு ஐடிஐகளில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம்.