ஓடும் ஆளைச் சுற்றி ஓர் அணி

திண்டிவனம் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு, தெற்கே போகும் ஒரு வண்டியைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப்பலகையைப் படிக்காமல் அது எந்த ஊருக்குப் போகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளி, விழுப்புரம் சந்திப்பில்தான் பாதை பிரிகிறது. விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, இன்னும் புதுச்சேரி, திருவண்ணாமலை என நான்கு வழிகள். சந்திப்பை அடையும்வரை அந்த வண்டி நான்கில் எதில் வேண்டுமானாலும் போகலாம்.

நல்ல கபடி ரெய்டரும் அப்படிப்பட்ட வண்டிதான். பொங்கலையொட்டி ஊர்தோறும் நடக்கும் போட்டிகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். வேகமாக ஓடுகிறவனெல்லாம் புள்ளி எடுப்பதில்லை. எந்தப் பக்கம் பாய்வான் என்று கடைசிக் கணம்வரை காட்டிக்கொள்ளாதவனே எடுக்கிறான். காரணம், மனித உடலின் இயல்பில் இருக்கிறது. கண் ஓர் அசைவைக் கண்டு, மூளை முடிவெடுத்து, தசை இயங்கத் தொடங்குவதற்குச் சுமார் 0.2 நொடி ஆகிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாயும் ரெய்டர் அதற்குள் 1 மீட்டர் கடந்துவிடுவார். கையை நீட்டித் தொட அது தாராளம்.

ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. பாய்ந்தவர் நின்று திரும்பவேண்டும் அல்லவா? அவரை நிறுத்துவது பாதத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுதான். நல்ல விரிப்பில் உராய்வு எண் 0.8 என்று கொள்வோம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வருபவர் கால் மீட்டருக்குள் நின்றுவிடலாம். வேகம் 4 மீட்டரானால் 1 மீட்டர் தேவைப்படும். வேகம் இரு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. புழுதி படிந்த மண் தரையில் அந்த எண் 0.4 ஆகக் குறைந்தால், அதே ஆளுக்கு 2 மீட்டர் வேண்டும். அதற்குள் நான்கு பேர் அவர்மேல் விழுந்திருப்பார்கள்! முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, சிறு சிறு அடிகளாக வைக்கப் பயிற்சியாளர்கள் கற்றுக்கொடுப்பதன் பொருள் இதுதான். முழு வேகம் தேவைப்படுவது தொட்டபின், நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது.

இனி, இப்படி ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பயிற்சியாளர் என்ன செய்கிறார்? இதே கேள்வி அமெரிக்காவில் வேறோர் ஆட்டத்தில் எழுந்தது. அங்கே 'கால்பந்து' என்று சொல்லப்படும் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அணிக்கு 11 பேர். தாக்குதலை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பழைய முறையில் அவர் தம் அணியினர் அமைக்கும் அரணுக்குள் நின்று பந்தை எறிவார். எதிரணி அவரை ஓட்டக்காரராகக் கணக்கில் சேர்க்கவேண்டியதில்லை. குவார்ட்டர்பேக் நன்றாக ஓடக்கூடியவராக இருந்தால் கணக்கு மாறுகிறது.

பயிற்சியாளர்கள் கண்ட உபாயம் விசித்திரமானது. எதிரணியின் ஓரக் காவலர் ஒருவரை யாரும் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தைப் பக்கத்தில் ஓடும் தோழரின் வயிற்றருகே நீட்டியபடி அந்தக் காவலரையே பார்ப்பார். காவலர் தோழரைத் துரத்தினால் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார். அசையாமல் நின்றால் தோழரிடம் கொடுத்துவிடுவார். காவலர் எதைச் செய்தாலும் அது தவறாகிவிடுகிறது. அவரைத் தடுக்கவேண்டிய ஆளும் மிச்சமாகி வேறிடத்துக்குப் போய்விடுகிறார். 2019இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி தன் தாக்குதலை லாமர் ஜாக்சன் என்ற குவார்ட்டர்பேக்கின் கால்களைச் சுற்றியே அமைத்தது. அந்த ஆண்டு அவர் மட்டும் 1,206 கஜம் ஓடினார். அணி முழுவதுமாக ஓடியது 3,296 கஜம். இரண்டுமே அன்று சாதனை அளவுகள்.

கபடியில் ரெய்டர் தனியாகப் போகிறார், பந்து கொடுக்கத் தோழர் இல்லையே என்று கேட்பீர்கள். இங்கே கணக்கு வேறிடத்தில் இருக்கிறது. என் எண்ணத்தில் கபடியின் மிக நுட்பமான விதி, ஆட்டமிழந்தவர் மீண்டும் உள்ளே வரும் விதிதான். எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம் ஆள் ஒருவர் உள்ளே வரலாம். ஆனால் வெளியேறிய வரிசைப்படியே வரவேண்டும். போனஸ் புள்ளிக்கு யாரும் திரும்ப வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரணியில் ஒருவரை நம் அணி வெளியேற்றுகிறது. முதன்மை ரெய்டர் முதல் ஆளாக வெளியேறினால் 2 நிமிடத்தில் திரும்பிவிடுவார். அவருக்கு முன்பே இரண்டு பேர் வெளியே இருந்தால் 6 நிமிடம் காத்திருக்கவேண்டும். மொத்த ஆட்டமே 40 நிமிடம்! ஆகவே அவசரப்பட்டுப் பிடிக்கப் போய் வெளியேறும் காவலர் ஒரு புள்ளியை மட்டும் இழக்கவில்லை. தம் அணியின் சிறந்த ஆளுக்கான வரிசையையும் நீட்டிவிடுகிறார். சில சமயம் உள்ளே ஓரிருவரே மிஞ்சியிருக்கும்போது, 'ஆல் அவுட்' ஆகட்டும் என்று பயிற்சியாளர் விட்டுவிடுவதும் உண்டு. எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி போகும்; ஆனால் ஏழு பேரும் ஒரே சமயத்தில் உள்ளே வந்துவிடுவார்கள்.

இதனால்தான் பெரிய ரெய்டரைச் சுற்றி அணி அமைப்பவர், முதலில் இரண்டாம் ரெய்டரைத் தேடுகிறார். பர்தீப் நர்வால் 2017 புரோ கபடி லீக்கில் ரெய்டு மூலம் மட்டும் 369 புள்ளிகள் குவித்தார். கைகோத்து நிற்கும் காவலர்களுக்கு அடியில் குனிந்து நுழையும் அவருடைய 'டுப்கி'யைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு பட்னா பைரேட்ஸ் தொடர்ந்து மூன்றாம் முறையாகக் கோப்பையை வென்றது. பர்தீப் வெளியே இருந்த வேளைகளில் புள்ளி எடுத்து அவரை உள்ளே அழைத்துவர மோனு கோயத் இருந்தார் என்பதை அதிகம் பேர் பேசுவதில்லை.

தமிழ் தலைவாஸ் அணிக்கு 2022இல் நேர்ந்தது இன்னும் கடுமையான சோதனை. பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தார்கள். அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் கிடைக்காத விலை. அணியே அவரைச் சுற்றி அமைந்திருந்தது. அக்டோபரில் குஜராத் ஜயன்ட்ஸுடன் ஆடிய முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே முழங்காலில் அடிபட்டு அந்த ஆண்டு முழுவதும் விலகினார். அடிபட்டது ரெய்டில் அன்று. எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போனபோது! சிறந்த ரெய்டரைப் பிடிக்கும் வேலையிலிருந்து ஒதுக்கி வைக்கலாமா என்பது பயிற்சியாளர்களை உறுத்தும் கேள்வி. ஒதுக்கினால் ஏழு பேரில் ஒருவர் பாதி ஆள். ஒதுக்காவிட்டால் இந்த ஆபத்து.

நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். இன்னொரு பவனைத் தேடவில்லை. அப்படி ஒருவர் கிடைக்கவும் மாட்டார். நரேந்தர் என்ற புதிய இளைஞர் ரெய்டுக்குப் போனார். அஜிங்கிய பவார் துணை நின்றார். மூலைகளில் சாகரும் சாஹில் குலியாவும் பிடித்த பிடிகளால் ரெய்டர்கள் சீக்கிரம் உள்ளே திரும்பினார்கள். அறிமுக ஆண்டிலேயே நரேந்தர் 240 ரெய்டு புள்ளிகளைத் தாண்டினார். 2017இல் லீக்கில் சேர்ந்த அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்டனிடம் 37-39 என்ற கணக்கில் தோற்றது.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊர்ப் போட்டிக்குப் போகும்போது ஒரு கடிகாரமும் ஒரு தாளும் எடுத்துச் செல்லுங்கள். இரு அணிகளிலும் சிறந்த ரெய்டர் ஒவ்வொருவரைக் குறித்துக்கொண்டு, அவர்கள் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டி வாருங்கள். யார் புள்ளி எடுத்து அவர்களை உள்ளே அழைத்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இடைவேளையில் அந்தத் தாளைப் பார்த்து, வெல்லப்போவது யார் என்று ஊகித்துப் பாருங்கள்.