ஆய்வுக் கிணறும் விட்டுப்போன கணக்கும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையை இறக்கிவிட்டு டீ குடிக்கும்போது, ராமநாதபுரத்து மிளகாய் விவசாயி ஒருவர் பழக்கமானார். "சார், டெஸ்ட் போர்தானே, அதுல என்ன கெட்டுறப் போகுதுன்னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?" என்றார். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓஎன்ஜிசி 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் 2025 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. ஆகஸ்டில் விஷயம் வெளியே தெரிந்து எதிர்ப்பு கிளம்பியதும், அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. ஊர் மக்களிடம் ஏன் முன்பே கேட்கவில்லை? 2020 ஜனவரியில் மத்திய அரசு ஆய்வுக் கிணறுகளை 'பி-2' பிரிவுக்கு மாற்றிவிட்டது. அந்தப் பிரிவுக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டாம்.

தண்ணீர் கெடுமா, நிலம் போகுமா என்று நாம் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் வானத்துக்குப் போகும் வாயுவின் கணக்கை யாரும் கேட்பதில்லை. 2006 அறிவிக்கையிலும், திட்டத்தின் மொத்த பசுங்குடில் வாயுவைக் கணக்கிட்டே ஆக வேண்டும் என்ற தனிக் கட்டளை இல்லை. மானாவாரி மிளகாய்க்காரருக்கு மழை தவறினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வங்கியில் கடன் மனு வந்தால், அவருடைய சொந்தக் கடனோடு, அடுத்தவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தையும் பார்ப்போம். இங்கே அந்த இரண்டாவது கணக்குதான் பெரிசு. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு எண்ணெய்க் கிணற்றுத் திட்டம். கிணற்றடியில் வெளியாவது சுமார் 1.4 லட்சம் டன். எடுத்த எண்ணெயை எரித்தால் வருவது சுமார் 1 கோடி டன். சின்னதை மட்டும் காட்டி அனுமதி வாங்கினார்கள். எரிப்பதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது.

நம் நாட்டில் ரிதிமா பாண்டே என்ற 9 வயதுச் சிறுமி 2017இல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். இப்போதுள்ள மதிப்பீட்டு முறையே பருவநிலையைப் பார்த்துக்கொள்ளும் என்று 2019இல் மனு தள்ளுபடியானது. பார்க்கிறார்கள் என்றால் அறிக்கையில் எந்தப் பக்கம் என்று காட்டட்டுமே!

எரிவாயு உற்பத்திக் கட்டத்துக்கு வந்தால் கருத்துக்கேட்பு கட்டாயம். 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அறிக்கைச் சுருக்கம் தமிழில் தர வேண்டும். அப்போது எழுத்தில் கேளுங்கள்: கசியும் மீத்தேன் எவ்வளவு (20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் 80 மடங்கு சூடு ஏற்றக்கூடியது), கிணற்றடியில் எரித்துவிடும் வாயு எவ்வளவு, விற்றபின் எரிவது எவ்வளவு? வாயால் சொன்னது குறிப்பில் ஏறாமல் போகலாம். மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மிளகாய்க்காரர் மூன்று கேள்விகளையும் மஞ்சப்பையில் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறினார்.