பழைய வேன் வாங்கப் போகிறீர்களா?

மேனாட்டார் விடுமுறைக்குப் புறப்படுங்கால் வீட்டையே உடன் கொண்டு செல்வதுண்டு. ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் வேன் உற்பத்தி தொடங்கிற்று. மறு ஆண்டே வெஸ்ட்பாலியா நிறுவனத்தார் அதனுள் படுக்கையும் அலுமாரியும் பொருத்திக் கொடுக்கலாயினர். நம் ஊவா மலைநாட்டில் அத்தகைய வண்டியை வாங்குவோர் அரியர். ஆயினும், தோட்டத்திலிருந்து கதிர்காமத்திற்குப் புறப்படும் வேன் ஒன்றை எட்டிப் பாருங்கள்! பாயும் தலையணையும், சோற்றுப் பானையும், மடியில் உறங்கும் குழந்தைகளுமாக இரண்டு நாட்களுக்கு அதுவே வீடு.

அத்தகைய வேன் ஒன்றை வாங்க என் மாமா விரும்பினார். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த சேமலாப நிதியே அவர் முதல். புதிய வண்டியின் விலையோ எட்டாக் கனி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் மலையேறிவிட்டது. ஒரு முறை ஏமாந்தால் மாமாவுக்கு மறு சேமிப்பு இல்லை.

பண்டாரவளையில் ஒரு வேன் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, பதுளையிலிருந்து அனுபவமிக்க மெக்கானிக் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்றோம். வெண்ணிற வண்டி, கண்ணாடி போல் மின்னியது. பெரியவர் எஞ்சின் மீது உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. “நாளைக் காலை வருகிறோம். அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஐயா” என்று சொல்லித் திரும்பிவிட்டார். சூடேறிய எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடுமாம்! பண்டாரவளைக் குளிரில் இரவு முழுதும் நின்ற டீசல் வண்டி, காலையில் எவ்வாறு உயிர் பெறுகிறது என்பதே உண்மையான சோதனை. நீலப் புகை விடாது வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்க. எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை ஓயாவிடில், ரேடியேட்டர் நீர் உள்ளே கசிகிறதோ என்று ஐயுற வேண்டும்.

மறுநாள் புகையில் குற்றமில்லை. பெரியவர் துணி சுற்றிய காந்தமொன்றை வண்டியின் அடிப்பகுதியில் வைத்துக்கொண்டே சென்றார். பின்சக்கரத்தின் மேல் அது ஒட்டவில்லை. துரு தின்ற இடத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தனர். உட்கூரையின் துணியைத் தடவினால் ஈரம். மேலே சாமான் தட்டுப் பொருத்திய ஆணித் துளை வழியே மழை இறங்கியிருக்கிறது. குழந்தைகள் உறங்கும் வண்டிக்கு இது சிறு குறையன்று. மீற்றர் காட்டிய தூரமோ மிகக் குறைவு. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது! டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் படிக்கக் கற்றுத் தந்தார். 2219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்தது.

பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக் பெடலைக் காலால் அழுத்தியபடி ஒரு நிமிடம் அசையாதிருந்தார். பெடல் மெல்ல மெல்ல அமிழ்ந்தது. எங்கோ பிரேக் எண்ணெய் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தளர்ந்துவிட்டது என்பது பொருள். எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே தேயிலைச் சாயம் போன்ற கருமை.

“தம்பி, ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் தள்ளிக்கொள்ளலாம். இறக்கத்தில் என்ன செய்வாய்?” என்று மாமாவைக் கேட்டார்.

அவர் விளக்கியது இது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை தாழும். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் எண்ணூறு மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துச் சென்றால், சக்கரத்தின் சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். எனவே பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அவ்வீதியில் 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினைவர் மாண்ட செய்தி மாமாவின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் வாடிவிட்டது.

ஆயினும் விலையைக் குறைக்க விற்பவர் முன்வந்தபோது மாமாவுக்குச் சபலம் தட்டியது. அப்போதுதான் பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். செஸி இலக்கம் பொருந்தியது. ஆனால் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் நிறுவனத்தின் பெயர்! கடன் தீரவில்லை. திகதியில்லாமல் கையொப்பம் மட்டும் இட்ட மாற்றல் படிவத்தை நீட்டி, “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார் அவர். கடன் தீர்ந்ததற்கான கடிதமின்றிப் பணம் கொடுத்தால், நாளை நிறுவனத்தார் வண்டியை இழுத்துச் செல்வர். பணம் போன வழி தெரியாது. முற்பணமாக ஒரு ரூபாயும் கொடாமல் வந்தோம்.

மூன்று வாரங்களுக்குப் பின் ஹாலிஎலவில் வேறொரு வேன் கிடைத்தது. வயதில் மூத்தது, பெடல் அசையவில்லை, புத்தகத்தில் உரிமையாளர் ஒருவரே. பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றியபின் முதற் பயணம் கதிர்காமத்துக்கே. மாமிக்கு மட்டும் அதன் நிறம் இன்றளவும் பிடிக்கவில்லை.