வான்போர்ட்

வான்போர்ட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அமைந்திருந்த திட்டமிட்ட குடியிருப்பு நகரம் ஆகும். 1942-43இல் கட்டப்பட்ட இந்நகரம் 1948 மே 30 அன்று வெள்ளத்தில் அழிந்தது. ஓரிகனின் போர்ட்லாந்து, அக்கரையில் வாசிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வான்கூவர் ஆகிய இரு நகரங்களின் பெயர்களை இணைத்து இதற்குப் பெயரிடப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, என்றி கைசரின் கப்பல் கட்டும் தளங்களில் வேலை தேடி நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்தனர். அவர்கள் தங்கப் போர்ட்லாந்தில் இடம் போதவில்லை. எனவே அரசு நிதியில், ஓராண்டுக்குள் மரக் குடியிருப்புகள் எழுந்தன. பள்ளிகள், மருத்துவமனை, திரையரங்கு ஆகியவையும் இருந்தன. உச்சக்கட்டத்தில் சுமார் 40,000 பேர் வாழ்ந்த வான்போர்ட், ஓரிகனின் இரண்டாவது பெரிய நகரமாக இருந்தது.

போர் முடிந்ததும் வசதியுள்ளோர் வெளியேறினர். போர்ட்லாந்தின் பெரும்பாலான பகுதிகளில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு வீடு கிடைக்காததால் அவர்களில் பலர் இங்கேயே தங்கினர். 1948இல் குடியிருந்த சுமார் 18,500 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவர்களே.

வெள்ளம்

நகரின் தரைமட்டம் பெருக்குக் காலத்து ஆற்று நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது. சுற்றிலும் இருந்த கரைகளே அதைக் காத்தன. ஆனால் மேற்குப் பக்கத்தில் கரையாக நின்றது ஒரு தொடருந்துப் பாதையின் மண்மேடு. வண்டிகளைத் தாங்குவதற்காகப் போடப்பட்ட அம்மேடு, வாரக்கணக்கில் நீரைத் தடுத்து நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டதன்று.

1948 மே மாதத்தில் பனி உருகலும் மழையும் சேர்ந்து ஆறு பெருகியது. மே 30, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுவசதி வாரியம் வீடுதோறும் ஒரு துண்டறிக்கை வழங்கியது. கரைகள் இப்போதைக்குப் பாதுகாப்பானவை, தேவைப்பட்டால் எச்சரிக்கை வரும், வெளியேற நேரமிருக்கும், பதற வேண்டாம் என்பது அதன் சாரம். அன்று மாலை 4.17 மணிக்கு மண்மேடு உடைந்தது. உறுதியான அடித்தளமில்லாத வீடுகள் மிதந்து ஒன்றோடொன்று மோதின. நகருக்குள் இருந்த பழைய சதுப்பு ஓடைகள் முதலில் வந்த நீரை உள்வாங்கியதால் மக்கள் ஓடுவதற்குச் சிறிது நேரம் கிடைத்தது. விடுமுறை நாளானதால் பலர் வெளியூர் சென்றிருந்தனர். இறந்தோர் 15 பேர். வீடிழந்தோர் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்குகளில் நீதிமன்றங்கள் அரசைப் பொறுப்பாக்கவில்லை.

நகரம் மீண்டும் கட்டப்படவில்லை. கறுப்பினக் குடும்பங்களில் பல போர்ட்லாந்தின் அல்பைனா பகுதியில் நெருக்கியடித்துக் குடியேறின. 1946இல் இங்கு தொடங்கப்பட்ட வான்போர்ட் கல்லூரி மட்டும் இடம்பெயர்ந்து நிலைத்தது. இன்றைய போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் அதுவே. நகரம் இருந்த நிலத்தில் இப்போது பூங்கா, மகிழுந்துப் பந்தயத் தடம், கோல்ஃப் திடல் ஆகியவை உள்ளன.