உங்களுக்குத் தெரியுமா? டாக்டர் மீது கை வைத்தால்...

கொரோனா காலத்தில் நம் அரசுகள் தூசி தட்டி எடுத்த தொற்றுநோய்கள் சட்டம், 1897-இல் பம்பாய்ப் பிளேக்குக்காக வெள்ளையர் போட்டது. அந்தச் சட்டத்தின்படி நல்லெண்ணத்தோடு செயல்பட்டவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது 4-ஆம் பிரிவு. நோயாளியின் உரிமை பற்றி மூச்சே இல்லை!

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. வெட்கக்கேடு. நாடெங்கும் இப்படித் தாக்குதல்கள் நடக்கவே, அதே மாதம் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது: மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை; கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரை. ஜாமீனில் விட முடியாத குற்றம். அடக்கத்தைத் தடுத்தால் 1 முதல் 3 ஆண்டு சிறை என்று தமிழக அரசும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

இதெல்லாம் சிகிச்சையில் நேரும் அலட்சியத்துக்குக் கேடயம் அல்ல. பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறையா? 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுங்கள்.