பென்னிகுயிக் சுரங்கம் கணினிக்குத் தெரியாது!

பண்ணைப்புரம் என்றதும் எல்லோருக்கும் இளையராஜாதான் நினைவுக்கு வருவார். ஊருக்கு வருகிறவர்களும் ராஜா பிறந்த மண்ணில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் மேற்கே தெரியும் மலையையும் ஒரு நிமிடம் பாருங்கள். இந்த ஊரின் தண்ணீர்க் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த மலைக்கு மேலே கேரள எல்லை. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும்; இந்தப் பக்கத்துக்குக் காற்றும் சாரலும்தான். கீழே கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக ஓடும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. ஆனால் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் எல்லாம் ஆற்றைவிட மேட்டில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர்கள். பள்ளத்தில் ஓடும் ஆறு மேட்டுக்கு ஏறி வருமா? பெரியாறு அணையில் தண்ணீர் தாராளமாக இருக்கும் காலத்தில் 18-ம் கால்வாயில் திறந்துவிட்டு, உத்தமபாளையம், போடி வட்டாரக் கண்மாய்களுக்குக் கொடுப்பார்கள். மற்றபடி மலை ஓடை, கண்மாய், கிணறு, போர்வெல்தான்.

அதனால் இந்த அடிவாரத்து விவசாயிக்கு ஒரு கேள்வி உயிர்க்கேள்வி. மலையில் பெய்கிற மழை எந்த ஓடையில் இறங்கி, எந்தக் கண்மாய்க்குப் போகிறது? முன்பெல்லாம் கண்மாய் மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சிக்கு இது மனப்பாடம். இப்போது அந்தக் கணக்கை ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமையிடம் கேட்கிறோம்.

அது வேலை செய்யும் விதம் ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் ரேடாரால் பூமியை அளந்தது. நம் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளும் பின்னர் உயர அளவுகளைத் தந்தது. இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. இந்தத் தரவில் நிலம் முழுக்க 30 மீட்டர் சதுரக் கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம். மென்பொருள் ஒவ்வொரு கட்டத்திடமும், 'உன்னைச் சுற்றியுள்ள எட்டுப் பேரில் யார் பக்கம் சரிவு அதிகம்?' என்று கேட்டு, தண்ணீரை அங்கே தள்ளிவிடும். இப்படியே தள்ளிக்கொண்டு போனால் ஓடைகள் தானாகக் கோடு கோடாக முளைக்கும். தடுப்பணை கட்ட நினைக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால், அங்கே வந்து சேரும் கட்டங்கள் எல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு நிற்கும். அதுதான் அந்த இடத்தின் நீர்வடிப்பகுதி.

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டருக்கு மேல். நீர்வடிப்பகுதி 500 ஏக்கர் என்றால் 2 கோடி லிட்டர்! பாறை எங்கே, மண் எங்கே, காடு எங்கே என்ற வரைபடங்களை அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எவ்வளவு ஓடும், எவ்வளவு உள்ளே இறங்கும் என்று ஓரளவு கணிக்கலாம். தண்ணீரே வராத இடத்தில் தடுப்பணை கட்டி ஏமாறாமல் இருக்க இந்தக் கணக்கு போதும்.

ஆனால் கணினியை அப்படியே நம்பினால் வேடிக்கையாகிவிடும். உயர அளவை மட்டும் கொடுத்து, பெரியாற்று நீர் எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். அரபிக்கடலுக்கு என்று சொல்லும். கம்பத்துக்கு ஒரு சொட்டுகூட வராது! 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையும், மலையைக் குடைந்து கிழக்கே தண்ணீரைத் திருப்பிய சுரங்கமும் மலையின் உயரத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? நாம்தான் கையால் வரைந்து சொல்ல வேண்டும்.

நம் ஊர்த் தென்னந்தோப்புகளிடமும் ரேடார் ஏமாறும். மரத்தின் உயரத்தையும் சேர்த்து அளந்து, தோப்பை மேடாகக் காட்டிவிடும். இன்னொன்று கேட்டால் சிரிப்பு வரும். கணக்கை ஆரம்பிக்கும்போதே மென்பொருள் வரைபடத்தில் உள்ள பள்ளங்களைப் 'பிழை' என்று நிரப்பிக்கொள்ளும். நம் தாத்தாக்கள் பாடுபட்டு வெட்டிய கண்மாயும் அதில் அடிபடலாம்! 30 மீட்டர் கட்டம் என்பது ஏறக்குறைய 22 சென்ட் நிலம். அதற்குள் ஓடும் மூன்று மீட்டர் அகல ஓடை அதன் கண்ணில் தனியாகப் படாது.

இந்தக் குறையைத் தீர்க்க வழி இருக்கிறது. வருவாய்த் துறையின் புலப்படம் இப்போது சர்வே எண்ணைக் கொடுத்தால் இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் ஓடைப் புறம்போக்கு எங்கே என்று இருக்கும். கணினி வரைந்த ஓடையையும் புலப்படத்து ஓடையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஓடை இருந்து, நேரில் போனால் அங்கே வேலியோ சுவரோ நிற்கிறது என்றால், கீழே உள்ள கண்மாய் ஏன் நிரம்புவதில்லை என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்தில் மனு எழுதும்போது அந்த ஒரு படத்தை இணைத்தால், பத்துப் பக்கம் எழுதுவதைவிட அது பேசும்.

இதற்கான கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டு லேப்டாப்பிலேயே பழகலாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஊரின் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கண்மாயிலிருந்து ஓடை வழியே மலையைப் பார்த்து நடக்கட்டும். தண்ணீர் திசை மாறும் ஒவ்வோர் இடத்தையும் செல்போனில் குறித்துக்கொண்டு வந்து, ராத்திரி அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றட்டும்.